நல்லாயிருக்கு என்று சொல்லாத அக்கா

நான் புதுக் கார் எடுத்த அன்று அதை நேரே அக்காவின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அக்கா வெளியே வந்து காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டயரைக் காலால் தட்டினார். பிறகு, "உதை ஆர் தம்பி உன்ரை தலையில கட்டினது?" என்று கேட்டார்.

நான் கார் ஓட்டப் பழக்குகிறவன். கார்தான் எனக்குச் சோறு. மாதக்கணக்காகக் காத்திருந்து, நிறம் பிடித்து, மனுசியோடு சண்டை பிடித்து எடுத்த கார் அது. என் முகம் செத்துப்போனதை அக்கா பார்த்திருப்பார். உள்ளே போய் ஒரு தேசிக்காயைக் கொண்டுவந்து முன் டயருக்குக் கீழே வைத்து, ஏற்றிப் போகச் சொன்னார். அதன் பிறகு வெறுந்தேத்தண்ணி ஊற்றித் தந்தார். தேத்தண்ணி குடிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது, அக்காவுக்குக் காரை நன்றாகப் பிடித்துவிட்டதென்று.

சிலருக்கு வாயில் நல்ல சொல் வராது. அது எரிச்சல் அல்லது கஞ்சத்தனம். அக்காவுடையது அந்த ரகம் இல்லை. அக்கா நாவூறை முழு மனதோடு நம்புகிறவர். ஒன்றைப் பார்த்து வாய்விட்டு நல்லது சொன்னால் அந்தச் சொல்லே போய் அதைக் கெடுத்துவிடும் என்பது அவருடைய கட்சி. ஆகவே பிடித்ததை எல்லாம் அவர் திட்டினார். கொஞ்சம் பிடித்தால் கொஞ்சத் திட்டு. உயிராய்ப் பிடித்தால் காது கொடுத்துக் கேட்க முடியாது.

என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்தபோது அக்கா அவளைக் கையில் வாங்கி, நெடுநேரம் பார்த்து, "குரங்குக் குட்டி மாதிரிக் கிடக்கு" என்றார். சொல்லும்போது அவருடைய கண் நிறைந்திருந்தது. என் மனுசி ஜெர்மனியில் வளர்ந்தவள். அவளுக்கு இந்தத் திட்டுப் பாஷை தெரியாது. அறைக்குள் போய் அழுதாள். அக்கா அதற்குள் எங்கள் குசினிக்குள் புகுந்து, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி, தாச்சியில் போட்டு எரித்தார். புகை மணி அலறியது. மேல்மாடியில் இருந்த போலந்துக் குடும்பம் பூனையையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியது. பிள்ளையைப் போர்வைக்குள் சுற்றியபடி நாங்களும் தெருவில் நின்றோம். அக்கா மட்டும் நிம்மதியாக நின்றார். பிற்காலத்தில் என் மனுசியே, "இண்டைக்கு அக்கா என்ரை குழம்பைக் கழுநீர் எண்டு சொன்னவ" என்று சந்தோஷமாக வந்து சொல்லுமளவுக்குத் தேறிவிட்டாள்.

அக்கா எனக்கு உறவு இல்லை. லண்டன் கிங்ஸ்பரியில் கவுன்சில் குத்தகைக்குத் தருகிற தோட்டத்துண்டுகளில் என் துண்டுக்கு அடுத்த துண்டு அவருடையது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, மிச்ச நேரமெல்லாம் தோட்டம். தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பெரிய புல்திடல். ஆண்டுக்கொரு முறை, செப்டெம்பர் தொடக்கத்தில், அந்தத் திடலில் ஃபெயர் நடக்கும். குதிரை ராட்டினம், நாய்களுக்குப் போட்டி, கேக் போட்டி, பர்கர் வண்டி, நடுவில் வெள்ளைக் கூடாரம். கூடாரத்துக்குள் காய்கறிக் கண்காட்சி.

கூடாரத்துக்குப் பொறுப்பு டோரத்தி. எண்பதைத் தாண்டிய வெள்ளைக்கார மனுசி. மழையோ வெயிலோ முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. நாய்ப் போட்டிக்கும் கேக் முடிவுக்கும் இடையில் ஒலிபெருக்கியைப் பிடித்துத் திடலின் கதையைச் சொல்வார், ஒவ்வொரு வருடமும், ஒரு சொல்லும் மாறாமல். இந்தப் பக்கம் ஒருகாலத்தில் லண்டனே இல்லை, எல்லாம் புல்வெளி. லண்டன் குதிரைகள் தின்ற வைக்கோல் இங்கிருந்துதான் வண்டியில் போனது. கடைசி வண்டி போன மறுநாள் புல் வெட்டியவர்கள் வெறும் திடலில் கூடிக் குடித்து, மல்லுக்கட்டி, தங்கள் வெங்காயத்தை வரிசையாக அடுக்கி யாருடையது பெரிது என்று பார்த்தார்கள். அதுதான் முதல் ஃபெயர். பிறகு மோட்டார் வந்தது, குதிரைகள் போயின, வைக்கோல் யாருக்கும் வேண்டாமல் போனது. வயல்கள் வீடுகளாயின. போர்க்காலத்தில் இந்தத் திடலையும் கொத்தி உருளைக்கிழங்கு போட்டார்கள், அப்போதும் பாத்திகளுக்கு நடுவே மேசை வைத்துக் கண்காட்சி நடந்தது.

கடைசிப் பண்ணைக்காரர் சாகும்போது இந்த ஒரு திடலை மட்டும் ஓர் அறக்கட்டளையிடம் விட்டுப் போனார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. வருடத்தில் ஒரு நாள், இங்கே பயிர் செய்கிறவர்கள் தாங்கள் விளைத்த நல்ல பொருளை மேசையில் வைத்துக் காட்டவேண்டும். காட்டும்வரை அது ஃபெயர்த் திடல். காட்டாவிட்டால் அறக்கட்டளை தன் விருப்பப்படி செய்யலாம்.

நான் சொல்லவந்த வருடத்துக்கு முந்தைய வருடம், கூடாரத்துக்குள் எண்ணிவிடும்படி சில தட்டுகளே இருந்தன. டோரத்தியின் வெங்காயம், யாரோ ஒரு கிழவரின் லீக்ஸ், மிச்சம் வெள்ளைத் தாள் விரித்த வெறும் மேசை. அறக்கட்டளை அனுப்புகிற நடுவர் போகும்போது டோரத்தியிடம், இதைக் கண்காட்சி என்று தன்னால் எழுத முடியாது, அடுத்த முறையும் இப்படியென்றால் திடல் கைமாறும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுக்குமாடிக்கும் கார் நிறுத்தவும் திட்டம் போட்டாயிற்று என்று பேச்சு. திடல் போனால் அடுத்தது எங்கள் தோட்டம்தான். எங்களுக்கு வழியும் தண்ணீரும் திடலுக்குள்ளால்தான் வருகின்றன.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், தோட்டத்தில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். ஒவ்வொரு துண்டிலும் கத்தரி, பாகல், வெண்டி, மிளகாய் என்று காய்த்துத் தொங்கியது. ஒருவரும் ஒரு காயைக்கூடக் கூடாரத்துக்குக் கொண்டுபோனதில்லை. நாலு பேர் கண் படும்படி மேசையில் தூக்கி வைப்பதா? கத்தரிக்குச் சாக்கு மறைப்பு, பாகல் பந்தலுக்குப் பழைய யன்னல் சீலை. இதில் எல்லாரையும்விட மோசம் அக்கா. அவர் பிளாஸ்டிக் கூடாரம் கட்டி அதற்குள் நீத்துப்பூசணி வளர்த்தார். யாழ்ப்பாணத்து வெயிலில் தன்பாட்டில் வேலியில் காய்க்கிற சாமான், இந்தக் குளிரில் அதைக் காய்க்க வைப்பதென்பது ஒரு தவம். குளிர் கூடினால் காய்க்குப் பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல் வைப்பார். காயின் மேல் ஒரு பழைய திரைச்சீலை மூடியிருக்கும். அது என்ன என்று யாராவது கேட்டால், "அது கல்லு" என்பார்.

டோரத்தி என்னிடம் வந்து, எங்கள் ஆட்களிடம் கேட்டுத் தரச் சொன்னார். நான் அவரை ஒவ்வொரு துண்டாகக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் சிரித்தார்கள், தலையாட்டினார்கள், ஒருவரும் ஓம் என்று சொல்லவில்லை. அக்காவிடம் முதலே கேட்டிருந்தேன். "ஊர்க் கண்ணுக்கு முன்னால தூக்கி வைக்கிறதோ? உனக்கென்ன விசரோ?" என்று துரத்திவிட்டிருந்தார். ஆகவே கடைசியாகத்தான் அவரிடம் போனோம்.

டோரத்தி குனிந்து, திரைச்சீலையின் மேட்டைப் பார்த்தார். பிறகு தன் வழமையான குரலில், இதற்குள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன் என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். டோரத்தி சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அக்காவின் முகம் மெல்ல இளகியது. "இந்தக் கிழவியோட கதைக்கலாம்" என்று சொல்லி, சீலையின் ஒரு மூலையைத் தூக்கினார். உள்ளே சாம்பல் பூத்தபடி அந்தக் காய் படுத்துக் கிடந்தது, நல்ல தலையணை அளவில். டோரத்தி இன்னும் குனிந்து பார்த்தார். இதைவிட மோசமானதையும் நான் பார்த்திருக்கிறேன் என்றார்.

அக்கா பிளாஸ்க்கைத் திறந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவர் தோட்டத்தை ஒருவர் பழித்தபடி திரிந்தார்கள். வெள்ளைக்காரர் எல்லாவற்றுக்கும் "மோசமில்லை" என்று சொல்வதை நான் இவ்வளவு காலமும் மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தேன். அக்கா அதில் தன் இனத்தைக் கண்டுகொண்டார். ஒருநாள் தேத்தண்ணிக்கு நடுவே டோரத்தி திடல் போகப்போவதைச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா கோப்பையை வைத்துவிட்டு வேலிக்கு அப்பால் பார்த்தார். "ஒரு தோட்டத்தை விட்டிட்டுத்தான் வந்தனான் தம்பி. இன்னொண்டை விட்டிட்டுப் போறதுக்கு எனக்கு வயசில்லை" என்றார். மறுநாள் அவரே ஒவ்வொரு துண்டாகப் போய், கொண்டுவரவேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தார். அக்கா சொன்னால் மறுக்க ஆளில்லை.

ஃபெயர் அன்று நீத்துப்பூசணி என் புதுக் காரில், பின் இருக்கையில், பெல்ட் போட்டு வந்தது. பக்கத்தில் அக்கா. ஒவ்வொரு திருப்பத்துக்கும், "இப்பிடியோ பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறனீ?" என்று கேட்டபடி வந்தார். காயை இறக்கி வைத்துவிட்டுக் காரை விடப் போனேன். திரும்பி வந்தபோது எங்கள் மேசை நிறைந்திருந்தது. டோரத்தி ரப்பர் சப்பாத்தோடு அங்குமிங்கும் நடந்தார், அவ்வளவு சந்தோஷம். கிட்டப்போய்ப் பார்த்தேன்.

ஒவ்வொரு காயிலும் ஒரு கறுத்த பொட்டு. அக்கா கைப்பையிலிருந்து மை டப்பாவை எடுத்துத் தன் பூசணிக்கு ஒரு பொட்டு வைத்திருக்கிறார். பக்கத்தில் நின்ற சிவம் அண்ணை தன் கத்தரிக்காய்க்கும் ஒன்று கேட்டிருக்கிறார். பிறகு பாகல், வெண்டி, தக்காளி, கடைசியில் நான் வைத்த மிளகாய்க்குக்கூட, பாவம், ஆளுக்கொன்று. துடைக்க நேரமில்லை. நடுவர் உள்ளே வந்துவிட்டார்.

நெடிய மனிதர், அந்த வெக்கையிலும் கம்பளிக் கழுத்துப்பட்டி. முதலில் டோரத்தியின் வெங்காயத்திடம் போனார். இந்த முறை எப்படி என்று கேட்டார். இதைவிட மோசமாகவும் வந்திருக்கலாம் என்றார் டோரத்தி. நடுவர் புன்னகைத்து வெங்காயத்துக்கான முதல் பரிசு அட்டையை வைத்தார். அப்படியே எங்கள் மேசைக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டார். கத்தரிக்காயைப் பார்த்தார், பாகற்காயைப் பார்த்தார், தக்காளியைப் பார்த்தார், ஓர் அடி பின்னுக்குப் போனார். எல்லாக் காயையும் ஒரே மாதிரிப் பிடிக்கிற நோயைத் தன் ஆயுளில் கண்டதில்லை என்றும், கூடாரத்தை உடனே மூடவேண்டும் என்றும் சொன்னார்.

நான் முன்னுக்குப் போய், இது நோயில்லை, கண்ணுக்குப் போடுகிற மை என்று ஒரு தக்காளியைத் துடைத்துக் காட்டினேன். ஏன் என்று கேட்டார். யாரும் பார்த்துக் கெடுத்துவிடாமல் இருக்க என்றேன். காட்டுவதற்குத்தானே கொண்டுவந்தீர்கள் என்றார். நான் அடுத்த தக்காளியைத் துடைத்தேன். ஆனால் மனிதர் கெட்டவர் இல்லை. பொட்டைத் தான் பொருட்படுத்தப் போவதில்லை என்றார். அவருடைய சிக்கல் வேறு. பாகற்காயில் எது நல்லது எது கூடாதது என்று அவருக்குத் தெரியாது. சாம்பல் பூத்த அந்தப் பெரிய காயின் பெயரே தெரியாது. ஆகவே வளர்த்தவர்களையே கேட்கப்போகிறேன், அவர்கள் நல்லது என்று சொன்னால் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றார்.

இதைவிட நியாயமாக ஒரு மனிதர் நடக்க முடியாது. அதுதான் எங்களுக்கு வினையாய் வந்தது.

சிவம் அண்ணையிடம் கேட்டார், இது நல்ல கத்தரிக்காயா? சிவம் அண்ணை நெளிந்து, சும்மா வைச்சது, இந்த முறை சரியில்லை என்றார். நடுவர் தலையசைத்து அடுத்த தட்டுக்குப் போனார். இது பிஞ்சு, முத்தவில்லை என்றார் பாகற்காய்க்காரி. தக்காளிக்காரர் தன் தக்காளி போன வருடம் இதைவிட நன்றாக இருந்தது என்றார். போன வருடம் கேட்டிருந்தால் அதற்கு முந்தைய வருடத்தைச் சொல்லியிருப்பார். கடைசியில் என் மிளகாய். நான் ஜெர்மனி பார்த்தவன், லண்டன் பார்த்தவன், திடலின் தலைவிதி இந்த ஒரு மறுமொழியில் தொங்குகிறது என்று தெரிந்தவன். வாயைத் திறந்தேன். அவ்வளவு நல்லதில்லை என்று வந்தது.

நடுவர் பேனாவை மூடினார். நிபந்தனை நல்ல விளைபொருளைக் காட்டவேண்டும் என்பது, வளர்த்தவர்களே கூடாது என்று சொல்வதை நான் எப்படி நல்லது என்று எழுத என்று டோரத்தியிடம் கேட்டார். அதே சொல்லைத்தானே டோரத்தியும் சொன்னார்? அவர் சொன்னால் அடக்கம், பரிசு. நாங்கள் சொன்னால் வாக்குமூலம். டோரத்தி கண்ணை மூடிக்கொண்டு மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

மிச்சம் இருந்தது அக்கா ஒருவர்தான். நடுவர் அவரிடம், மரியாதைக்காகத்தான், இது நல்ல காயா என்று கேட்டார்.

அக்கா டோரத்தியைப் பார்த்தார். காயைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"சொல்லு தம்பி அவருக்கு. இது நல்ல காய்."

அக்காவின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. பின்னால் யாரோ "சிவ சிவா" என்றார்கள்.

"சொல்லன். வடிவான காய். லண்டன் முழுக்கத் தேடினாலும் இப்பிடி ஒண்டு எடுக்க ஏலாது."

சொன்னேன். அக்கா அதோடு நிற்கவில்லை. மேசை நீளத்துக்கு நடந்தார். சிவம் அண்ணையின் கத்தரிக்காய் பட்டுப் போல மினுங்குது என்றார். பாகற்காயின் முள்ளு எவ்வளவு ஒழுங்கு என்றார். தக்காளி, வெண்டி, என் மிளகாய், ஒன்றையும் விடவில்லை. டோரத்தியின் வெங்காயத்தைக் கையில் தூக்கி அதற்கும் சொன்னார். நான் பின்னால் ஓடி ஓடி மொழிபெயர்த்தேன். அக்கா கூடார வாசலுக்கு வந்து, வெளியே ராட்டினமும் சனமும் புல்லுமாய்க் கிடந்ததைக் காட்டினார்.

"இந்த நிலமும் நல்ல நிலம். இதையும் சொல்லு."

நடுவர் பேனாவைத் திறந்து, தொடக்கத்திலிருந்து மேசையை மறுபடி பார்த்தார். தட்டுத் தட்டாக அட்டை வைத்தார். நீத்துப்பூசணிக்கு முதல் பரிசு. இதைக் கண்காட்சி என்று எழுதலாம், இந்தக் கூடாரத்தை இதைவிட மோசமாகவும் பார்த்திருக்கிறேன் என்று டோரத்தியிடம் சொன்னார். கூடாரமே கைதட்டியது. சிவம் அண்ணை என்னைக் கட்டிப்பிடித்தார்.

அக்கா கைதட்டவில்லை. முகம் வெளிறிப்போய் நின்றார். "காயைத் தூக்கு தம்பி" என்றார்.

தூக்கினேன். அக்கா முன்னால், நான் பின்னால். பர்கர் வண்டியடியில் நின்று தக்காளிச் சோஸ் கேட்டார். வண்டிக்காரன் எத்தனை பர்கருக்கு என்றான். பர்கர் வேண்டாம், போத்தலைத் தா என்று அக்கா சொன்ன தோரணையில் தந்துவிட்டான். திடலின் வாசலில், வீதியைப் பார்த்தபடி, வீட்டுப் பூட்டுத் திறப்பால் காயில் ஒரு துளை குடைந்து, குங்குமத்துக்குப் பதில் சோஸை ஊற்றினார். என் கையிலிருந்து காயை வாங்கி, திடலை நோக்கி மூன்று முறை சுற்றினார். அந்த வயதில், அந்தப் பாரத்தை எப்படித் தலைக்கு மேல் தூக்கினார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரு கோடைகாலம் முழுக்கச் சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்து வளர்த்த காய் வாசலில் சிதறியது.

"பட்டதெல்லாம் இதோட போகட்டும். திரும்பிப் பாராமல் வா" என்றார்.

திரும்பிப் பார்க்காமல் வந்தோம். உள்ளே நடுவர், முதல் பரிசு பெற்ற காய் எங்கே என்று டோரத்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது ஒன்றும் அவ்வளவு பெரிய விஷயமில்லை என்றார் டோரத்தி. அவருடைய கண் நனைந்திருந்தது.

திடல் நின்றது. அடுத்த வருடமும் அக்கா ஒரு காயைக் கொண்டுவந்தார், நல்லது என்று சொன்னார், பரிசு வாங்கினார், வாசலில் உடைத்தார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. இப்போது கண்காட்சி முடிந்ததும் நடுவரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். பக்கத்தில் புதிதாகக் குடிவந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி போன முறை என்னிடம், இது வைக்கோல் காலத்துப் பழக்கமாமே என்று கேட்டார்கள். டோரத்திக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, சக்கர நாற்காலியில்தான் வருகிறார். ஒலிபெருக்கியைப் பிடித்துத் திடலின் கதையைச் சொல்லும்போது, கடைசி வண்டி போன மறுநாள் என்று தொடங்கி, வெங்காயம் அடுக்கினார்கள், வாசலில் பூசணி உடைத்தார்கள் என்று சேர்த்துச் சொல்கிறார். தெரிந்துதான் சொல்கிறார். நான் திருத்துவதில்லை.

அக்கா போய் இரண்டு குளிர்காலமாகிறது. ஆஸ்பத்திரியில் அவரைக் கடைசியாகப் பார்த்தது ஒரு ஃபெயருக்கு மறுநாள். அந்த முறை போல ஒருமுறையும் சனம் வந்ததில்லை. திடலில் கால் வைக்க இடமில்லை, எங்கள் காய்க்கென்று இரண்டாவது கூடாரம் போட்டிருந்தார்கள். அக்கா வராத முதல் ஃபெயர் அது. மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா அவளைப் பார்த்து, "குரங்கு வளந்திட்டுது" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையாகிவிட்டார் என்று நாங்கள் எழும்பினோம்.

"அந்தக் குப்பைத் திடல் இன்னும் கிடக்கோ?" என்று கேட்டார்.

"கிடக்கு அக்கா."

"நேற்றுச் சனமோ?"

சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது.

"இல்லை அக்கா. சும்மா கொஞ்சப் பேர். பெரிசா ஒண்டுமில்லை" என்றேன்.

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது.

"கிடக்கட்டும்" என்றார்.